பதினேழாம் வீட்டு இரண்டாவது அடுப்பு

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்கு வந்து சேர்ந்தேன். என் அலமாரிப் பூட்டு நான் விட்டுப் போன மாதிரி இல்லை. சாவித்துளை சுவரைப் பார்க்கும்படி பூட்டிவிட்டுப் போனேன், இப்போது கதவைப் பார்க்கிறது. அறைத்தோழி பெனினாவிடம் கேட்டால், "எலி கிலி தொட்டிருக்கும்டி, சும்மா கெட" என்கிறாள். பூட்டைத் திருப்பி வைக்கிற எலி அவள் நாகர்கோவிலில் இருக்கலாம். இந்த நாட்குறிப்பை இனிமேல் தலையணை உறைக்குள் வைக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டு, கடைசிப் பருவம். பி.ஏ. சர்வதேச வளர்ச்சி. ஊரில் யாராவது கேட்டால் அம்மா "வெளிநாட்டு விசயமாப் படிக்குது" என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அப்பா ஒரே ஒருமுறை, "படிச்சு முடிச்சா கலெக்டர் ஆபீஸா, ஏரோப்பிளேனா?" என்று கேட்டார். எனக்கே தெரியாது.

துணி துவைத்தேன். வாளி ஓட்டை.

ஜனவரி 20, செவ்வாய்

உத்ரா மேடம் வகுப்பு. வயது முப்பதுதான் இருக்கும், போன வருடம் சேர்ந்தவர். கையில் ஒரு கட்டு அச்சுத்தாள்.

"இந்த வாரம் மலாவி வேணாம், ஹைட்டி வேணாம். நம்ம வீட்டுக்கே வருவோம். ஏழு வருஷத்துக்கு முன்னாடி டெல்டாவுல அடிச்ச புயல். நான் எம்.ஏ. முடிச்ச கையோட ஒரு நிவாரண அமைப்புல கணக்கெடுக்கப் போனேன். அதுல ஒரு வீட்டோட கதை இது."

புயலில் குடிசை போனவர்களுக்கு அந்த அமைப்பு சிமெண்டு வீடு கட்டித் தந்தது. குடும்பத்துக்கு ஒரு வீடு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், அடுப்பு வேறென்றால் குடும்பமும் வேறு. உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணுகிறார்கள், முதலாண்டிலேயே படித்தோம். தாளில் இருந்ததை அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்:

"வீடு எண் 17. லட்சுமி, அவளுடைய நாத்தனார் மீனா (பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன). ஒரே குடிசையில் இருந்தாலும் தனித்தனியாகச் சமைப்பதாகக் கூறி இரண்டு வீடுகள் கோரினர். கொல்லைப்புறத்து அடுப்பைத் தொட்டுப் பார்த்தபோது மண் ஈரமாக இருந்தது. அது முந்தின நாள்தான் வைக்கப்பட்டது என்பதை அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவரே உறுதிப்படுத்தினார். மீனாவின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது."

ஜூனில் இது பாடப்புத்தகத்தில் அச்சாகப் போகிறதாம். அதற்கு முன் நாங்கள் அலச வேண்டும். பிப்ரவரி 3 அன்று வகுப்பில் விவாதம், நாற்பது மதிப்பெண். 'ஏமாற்று நடந்தது, நிராகரித்தது சரி' என்று நிறுவ வேண்டியவர்கள் நானும் நிகிலும்.

நிகில் தாளை என் மேசையில் போட்டுவிட்டுச் சொன்னான்: "ஈஸி மார்க், கலைமதி. அந்த லட்சுமி செம்ம கேடி. ஒரே நாள்ல அடுப்பு கட்டி வீடு வாங்கப் பாத்திருக்கு."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மேடம் போகும்போது நின்று, "உங்களுக்குத் தஞ்சாவூர்தானே? டவுனா, பக்கத்துல கிராமமா?" என்று கேட்டார். டவுன் என்றேன். மூன்று வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஏன் என்னை மட்டும் கேட்கிறார்?

ஜனவரி 21, புதன்

சரி, எழுதித் தொலைக்கிறேன். வீடு எண் 17 எங்கள் வீடு. வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய தெரு. 'லட்சுமி' என் அம்மா வசந்தா. 'மீனா' அப்பாவின் தங்கை தவமணி அத்தை.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வலது முன்கையில் தேள் பச்சை குத்தியிருப்பாள், வாயும் கிட்டத்தட்ட அப்படித்தான். புயலுக்கு ஆறு மாதம் முன்பு வந்தாள். நான் அந்த வருடம் பள்ளி விடுதியில் தங்கி எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், அதனால் அவள் எங்கே சமைத்தாள், யாரோடு சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. புயலுக்குப் பிறகு எங்களுக்கு வீடு வந்தது. அத்தைக்கு வரவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அப்பாவுடன் மட்டும் போனில் பேசுவாள். அம்மாவுடன் ஏழு வருடமாக ஒரு சொல் கிடையாது.

மற்றபடி எனக்கு எதுவும் நினைவில்லை.

ஜனவரி 22, வியாழன்

வகுப்பில் மேடம் அந்தக் கணக்கெடுப்புப் படங்களைக் காட்டினார். நீலக் கோட்டுப் போட்ட பெண்கள், கையில் அட்டை, அதில் பச்சைப் பேனா. படத்தில் பேனா தெரியவே இல்லை என்கிறாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெனினா. எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று. தேநீர் வந்தபோது மேடம் டம்ளரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். எல்லோரும் விரலால்தான் தொடுவார்கள். புறங்கையால் தொட்டுப் பார்க்கிற ஒருத்தியை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், எங்கள் கொல்லையில். அந்த அக்காவின் முகம் மறந்துவிட்டது, கை மறக்கவில்லை.

ஆக, இவர்தான். இவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. அதனால்தான் தஞ்சாவூர் விசாரணை, அதனால்தான் ஏமாற்று என்று நிறுவுகிற பக்கத்தில் என்னைப் போட்டது. குருவிக்கு வலை விரிக்கிறார். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கிறார். பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

நிகிலோடு நூலகத்தில் உட்கார்ந்தேன். 'தவறான சேர்ப்பு', 'தவறான விலக்கு' என்று இரண்டு கட்டம் போட்டான். தகுதியில்லாதவருக்குக் கொடுப்பது முதலாவது, தகுதியுள்ளவரை விடுவது இரண்டாவது. அம்மாவைத் தூக்கி முதல் கட்டத்தில் வைத்தான்.

"அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவர்னு போட்டிருக்கே, அது யாருன்னு நெனக்கிறே?" என்று கேட்டான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்திவிட்டேன். நூலகர் எட்டிப் பார்த்தார்.

நாளை ஊருக்குப் போகிறேன். குடியரசு தினத்தோடு மூன்று நாள் விடுமுறை.

ஜனவரி 24, சனி

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பொங்கலுக்கு வந்துட்டுப் போயி முழுசா ஒரு வாரம் ஆவல. என்னாடி, பீஸ் கீஸா? எவன்கூடயாவது சண்டையா?" என் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

மத்தியானம் மடவை மீன் குழம்பு. அம்மா எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

ஏழு வருடமாக எனக்குள் இருப்பதை இங்கேயாவது எழுத வேண்டும். புயல் அடித்து ஒன்பதாம் நாள் கணக்கெடுக்க வந்தார்கள். பள்ளி விடுதியிலிருந்து நான் எட்டாம் நாள் மத்தியானம்தான் ஊர் வந்து சேர்ந்தேன்; அன்று சாயங்காலம் தண்ணீர் லாரி வரிசையிலிருந்து குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா கொல்லையில் குந்தி, களிமண்ணைக் குழைத்து அடுப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்த்தேன். மறுநாள் அட்டையோடு ஆள் வந்தது. இதற்கு என்ன அர்த்தம்? மூன்று வருடம் வளர்ச்சிப் பாடம் படித்தவள் எந்த அர்த்தத்தை எடுப்பாள்?

என் அம்மா ஏமாற்றினாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் கொல்லையில் வெந்நீருக்கு ஒரு மண் அடுப்பு உண்டு. காலையில் அம்மா அதைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, புயல் வருசம் கணக்கெடுக்க வந்தாங்களே, அப்ப நீ பின்னாடி வச்ச அடுப்பு, அது சும்மா காட்டுறதுக்கா?"

மெழுகுகிற கை நின்றது.

"யாருடி சொன்னா?"

"நான் பாத்தேன். மொத நாள் நீ வச்சுக்கிட்டு இருந்தே."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "பாத்தியா? பின்னாடி அடுப்ப வச்சதப் பாத்தே. காலையில முன்னாடி அடுப்ப வச்சதப் பாத்தியா? கூர பறந்து போயி நாலு நாளு மழ. மண்ணு அடுப்பு கரையாம குத்துக்கல்லாட்டம் நிக்குமா? பள்ளிக்கூடத்துல ஒரு வாரம் கஞ்சி குடிச்சிட்டு, எட்டாம் நாளு வீட்டுக்கு வந்ததும் ரெண்டையும்தான் வச்சேன். ஒங்கத்தைக்கு அன்னைக்கு நூத்திமூணு காய்ச்ச, அவ அடுப்பையும் நாந்தான் வச்சுக் குடுத்தேன். நான் மட்டுமா? ஊரே மண்ணு கொழச்சுச்சு. அன்னைக்கு இந்தத் தெருவுல எவ அடுப்புடி காஞ்சிருந்துச்சு?"

சாணி வாளியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அப்ப அத்தை நெசமாவே தனியாத்தான் சமைச்சாங்களா?"

"வந்த அன்னைக்கே சொல்லிட்டா. 'அண்ணி, ஒழைக்கிற கை இருக்கு, அண்ணன் சோத்துல கை நனைக்க மாட்டேன்'னு. அப்படி ஒரு ரோசம். ஆறு மாசம் அவ ஒல வேற, எங்க ஒல வேற. மீனு ஆக்குனா ஒரு கிண்ணம் கொண்டுபோயி வைப்பேன். கிண்ணத்தத் தொடாம அப்படியே கொண்டாந்து வைப்பா, உள்ளதோட."

"அந்தக் கணக்கெடுத்த அக்காகிட்ட இதச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவ கேட்டாத்தானே? பின்னாடி அடுப்பத் தொட்டா, எழுதிக்கிட்டுப் போயிட்டா. ஈரமா இருக்குறது ஒரு சேதின்னு எனக்கு எப்படித் தெரியும்? ஊரே ஈரம்."

பிறகுதான் கேட்டேன்: "அத்தை ஏம்மா உன்கிட்ட பேசுறதில்ல?"

அம்மா சாணிக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பள்ளிக்கூடத்துல பேரு வாசிச்சாங்க. தவமணிக்கு இல்லன்னாங்க. 'ஒங்க வீட்டு ஆளே சொல்லிட்டாங்க, நேத்து வச்ச அடுப்புன்னு'ன்னாங்க. அவ வீட்டுக்கு வந்து ஆடுனா. யாரு சொன்னா, யாரு சொன்னான்னு. நாந்தான் சொன்னேன்னுட்டேன்."

"நீ சொல்லலையே."

"சொல்லல."

"அப்பறம் ஏன்?"

"தெருக் கொழா மேடையில நீ அந்தக் கணக்கெடுத்தவகூட நின்னு பேசிக்கிட்டு இருந்தத நான் பாத்தேன்டி. பச்சப் பேனா வச்சிருந்தே. பதினாலு வயசுப் புள்ள, நாளைக்குப் படிச்சு வர வேண்டிய புள்ள. ஒங்கத்த வாயிலயும் ஊரு வாயிலயும் நீ விழணுமா? நான் விழுந்தா என்ன, எனக்குப் பழக்கம்தான்."

பிறகு கையைக் கழுவப் போய்விட்டாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகை என்றால் மூக்கு ஒழுகுகிற அழுகை.

ஜனவரி 26, திங்கள்

ஆமாம், நான்தான் அந்த 'வீட்டைச் சேர்ந்த ஒருவர்'. நீலக் கோட்டு அக்கா கேட்டாள்: "பாப்பா, அந்தப் பின்னாடி அடுப்பு எப்போ வச்சது?" "நேத்துதான்கா, அம்மா வச்சாங்க." எவ்வளவு சமர்த்தாகச் சொன்னேன்! பேனாவைக் கொடுத்து, "நல்லாப் படி" என்றாள். அவளை மாதிரி ஆக வேண்டும் என்றுதான் இந்தப் படிப்பையே தேடிப் பிடித்துச் சேர்ந்தேன். சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை.

பேருந்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணல்.

ஜனவரி 28, புதன்

பெனினா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பூட்டைத் திருப்பியது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஷாம்பு தேடினாளாம், சாவி ஜன்னலில் இருந்ததாம். "டைரிய வாசிச்சியா?" என்றேன். "உன் டைரில என்னட்டி இருக்கப்போவுது, வாளி ஓட்டைன்னு எழுதிருப்ப" என்றாள். வாசித்திருக்கிறாள், கழுதை. ஒரு பக்கம்தான் என்று சத்தியம் செய்கிறாள்.

ஜனவரி 30, வெள்ளி

மேடம் வராந்தாவில் மறுபடி மடக்கினார். "கலைமதி, தஞ்சாவூர்ல கீழவாசல் தெரியுமா? என் மாமியார் வீடு அங்கதான். கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்க நல்ல தையல்காரர் யாராவது இருந்தா சொல்லுங்களேன்."

இவ்வளவுதானா! இதற்காகவா பத்து நாளாக நான் சோறு இறங்காமல் கிடந்தேன்? அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. தெரிந்துவிட்டதோ என்று பயந்தது போய், எப்படித் தெரியாமல் போகும் என்று ஆத்திரம் வந்தது. எங்கள் கொல்லைக்கு வந்து, அடுப்பைத் தொட்டு, என் வாயிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கி, ஏழு வருடம் கழித்து அதை வைத்துப் பாடம் நடத்துகிறவருக்கு என் முகம் நினைவில்லை!

பிப்ரவரி 2, திங்கள்

நிகிலிடம் மட்டும் சொன்னேன். நாளை நான் கட்சி மாறப் போகிறேன், உன் மதிப்பெண் போனாலும் போகும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் செல்போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மாவக் கேடின்னு சொன்னேன்ல. ஸாரி." பிறகு, "நான் மொதல்ல பேசிட்டு உக்காந்துடுறேன். மிச்ச நேரம் முழுக்க நீ எடுத்துக்கோ."

நம்பலாமா? நாளைக்குத் தெரியும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நிகில் இரண்டே நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தான். நான் எழுந்தேன்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. வீடு 17-ல முன்னாடி இருந்த அடுப்பத் தொட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. சந்தேகம் பின்னாடி அடுப்பு மேலதானே?"

"பக்கத்து வீட்டு அடுப்ப?"

"தேவைப்படல."

"தொட்டிருந்தா எல்லாமே ஈரமா இருந்திருக்கும், மேடம். புயல்ல ஊர் அடுப்பு மொத்தமும் கரைஞ்சு போச்சு. ஒன்பதாம் நாள் அந்தத் தெருவுல காஞ்ச அடுப்பே கிடையாது. 'மீனா' ஆறு மாசமாத் தனியாத்தான் சமைச்சாங்க. அண்ணன் சோத்துல கை நனைக்க மாட்டேன்னு வைராக்கியமா இருந்த பொம்பள."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி…"

பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து மேசையில் வைத்தேன். மை தீர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த அமைப்பின் பெயர் பாதி அழிந்திருக்கிறது.

"நான் தஞ்சாவூர் இல்ல மேடம். கொழா மேடையில உங்ககிட்டப் பேசின பொண்ணு நான்தான். நீங்க பின்னாடி அடுப்பப் பத்திக் கேட்டீங்க, நான் பதில் சொன்னேன். முன்னாடி அடுப்பு எப்போ வச்சதுன்னு கேட்டிருந்தாலும் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க எங்கம்மாகிட்டப் போய்க் கேட்டிருப்பீங்க."

மேடம் பேனாவை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதும் என் முகம் அவருக்கு நினைவு வரவில்லை என்று தெரிந்தது.

"ஒரு நாளைக்கு நாற்பது வீடு பாக்கணும்," என்றார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "நான் ஒரு அடுப்பத்தான் தொட்டேன்" என்றார். அதன் பிறகு அவர் பாடம் நடத்தவில்லை.

மாலையில் கூப்பிட்டனுப்பினார். புத்தகத்திலிருந்து அந்தக் கதையை எடுக்க வேண்டாம், முழுக் கதையாக மாற்றி எழுதுகிறேன், அம்மாவும் அத்தையும் சம்மதித்தால்தான் என்றார். அத்தைக்கு வீடு கிடைக்க எழுதிப் பார்ப்பதாகவும் சொன்னார். அந்த அமைப்பு நாட்டை விட்டே போய் நாலு வருடம் ஆகிறதாம். யாருக்கு எழுதுவார்? கேட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கமும் வந்தது, கோபமும் போகவில்லை.

பிப்ரவரி 4, புதன்

அத்தையின் எண்ணை அப்பாவிடம் வாங்கி வைத்திருக்கிறேன். கூப்பிடவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

கூப்பிட்டேன். பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல்.

"யாரு, மதியா? அதிசயமா இருக்கு. அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொழா மேடை, பேனா, நேத்துதான்கா. "சொன்னது நான் அத்தை. அம்மா இல்ல. எனக்காகத்தான் அம்மா தன் மேல போட்டுக்கிட்டாங்க."

அத்தை எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"சின்னப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "ஏழு வருசமா அவளப் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கேனேடி. கேட்டவங்ககிட்ட எல்லாம், எங்கண்ணி என் குடியக் கெடுத்தான்னு சொல்லி வச்சிருக்கேனே. ஒரு வார்த்த எதுத்துச் சொல்லலையே, அந்த மனுசி!"

இணைப்பு அறுந்துவிட்டது. அவளே அறுத்தாளா, சிக்னலா, தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

எடுக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

எடுக்கவில்லை. இருந்த ஒரு நூலையும் அறுத்துவிட்டேனோ? வாளி ஓட்டையைத் தாரால் அடைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல.

"ஒங்கத்தகிட்ட என்னாடி சொன்னே?"

"ஏன், திட்டுனாங்களா?"

"வந்துருக்காடி! காலையில வந்து எறங்குனா. ஒரு வார்த்த பேசல. நேரா கொல்லைக்குப் போனா. அவ அடுப்பு இருந்த எடத்துல கொஞ்ச நேரம் நின்னா. நான் பயந்துக்கிட்டு உள்ளாற அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு நெலப்படியில வந்து நின்னு, 'பசிக்குது அண்ணி, எனக்கும் சேத்துப் போடுங்க'ங்கிறா."

"நீ என்ன பண்ணினே?"

"என்ன பண்ணுவேன்? இன்னும் ரெண்டு பிடி அள்ளிப் போட்டேன். ஒரே ஒலதான் வச்சேன்."

"சாப்பிட்டாங்களா?"

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "கை நனைச்சுட்டா, மதி. இப்ப உக்காந்து சாப்பிடுறா."

இன்றைக்கு யாராவது அட்டையும் பேனாவுமாக வந்தால், வீடு 17-ல் ஒரே குடும்பம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். எழுதட்டும்.

ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அம்மா எதையும் சொல்லக்கூடியவள், ஏற்கெனவே ஒருமுறை சொன்னவள். படம் எடுத்து அனுப்பு என்றேன். அப்பாவின் போனிலிருந்து வந்தது, ஆடி மங்கலாக. ஒரு தட்டு, மீன் குழம்பு, சோற்றைப் பிசைகிற ஒரு கை. முகம் விழவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்கையில் தேள் இருக்கிறது. அத்தைதான்.